பத்தாம் புத்தகத்தைத் தாண்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற 14 புத்தக மாயாஜால (ஃபேன்டசி) நாவல் வரிசை பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். இந்த மாதிரிக் கதைகளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் பலர் சொன்ன ஒரு யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. 7 முதல் 10 வரையிலான புத்தகங்கள் வெறும் இழுவையாம். சுருக்கத்தைப் படித்துவிட்டு 11-க்குத் தாவிவிடலாமாம். அமேசான் பிரைமில் வந்த தொடர் மூன்று சீசனோடு 2025-இல் நின்றுவிட்டது. மீதிக் கதை தெரிய வேண்டும் என்று புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் இந்த யோசனையைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது.

இழுவை என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. முதல் ஆறு புத்தகங்களும் 1990-க்கும் 1994-க்கும் நடுவில் வந்துவிட்டன. அடுத்த நான்கும் வந்து முடிய 2003 ஆகிவிட்டது. 2000 நவம்பரில் வந்த 9-ஆம் புத்தகம், ஆண்களின் மந்திர சக்தியில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஊறிக் கிடந்த நஞ்சைக் கதாநாயகன் ராண்ட் கழுவி எடுப்பதோடு முடிந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவர்களுக்குக் கிடைத்தது 10-ஆம் புத்தகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்'. ராண்ட் நஞ்சைக் கழுவிய அதே நாட்களில் மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றே பக்கம் பக்கமாகப் போகிறது. ராண்ட் தலைகாட்டுவதே கொஞ்சம்தான். கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அது காத்திருந்தவர்களின் கோபம். இன்றைக்கு 14 புத்தகமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. 9-ஐ முடித்த ராத்திரியே 10-ஐத் திறக்கலாம்.

அந்த 10-இல் வாசகர்கள் அதிகம் திட்டுவது ராண்டின் நண்பன் பெரினின் கதையை. அவன் மனைவி ஃபெயிலை ஷைடோ என்ற எதிரிக் கூட்டம் பிடித்துப் போகிறது. 9-இல் தேடத் தொடங்குகிறவன் 11-இல்தான் மீட்கிறான். நீளம்தான், மறுக்கவில்லை. ஃபெயில் சிறைப்பட்டிருக்கும் அத்தியாயங்களில் பாதியை வெட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் படைக்குத் தானியம் வாங்க ஸோ ஹாபோர் என்ற ஊருக்குள் பெரின் போகும் இடத்தைப் படித்துப் பாருங்கள். அழுக்கு உடம்போடு, பயந்த கண்களோடு திரியும் ஜனங்கள், ஊருக்குள் நடமாடும் ஆவிகள், மூட்டையைப் பிரித்தால் தானியமெல்லாம் வண்டு. வேறு வழியில்லாமல் அதையே தூற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். உலகம் உள்ளுக்குள்ளேயே கெட்டுக்கொண்டு வருகிறது என்பதை இந்த வரிசையின் எந்தப் போர்க்களமும் எனக்கு இப்படிக் காட்டவில்லை.

அதற்கப்புறம் வருகிறது அந்தக் கோடாலி. பிடிபட்ட ஷைடோ ஒருவனிடமிருந்து மனைவி இருக்கும் இடத்தைப் பற்றித் தகவல் கறக்க, அவன் கையைப் பெரின் வெட்டிவிடுகிறான். வெட்டிய கோடாலியை ஒரு மரத்தில் ஆழ இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். கொல்லுப் பட்டறையில் தொழில் பழகிய இந்தப் பையன் முதல் புத்தகத்திலிருந்தே அந்தக் கோடாலியை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தவன். 13-இல் அவன் தனக்கென்று ஒரு சுத்தியல் அடித்தெடுக்கும் அத்தியாயத்தை உங்கள் வாசகர்களே புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். கோடாலியை விட்ட இடத்தைப் படிக்காதவருக்கு அந்தச் சுத்தியலின் கனம் எப்படித் தெரியும்? ராண்டின் ஊர்த் தோழி எக்வீன் ராத்திரியில் படகேறிப் போய், டார் வாலன் நகரத் துறைமுகச் சங்கிலியை உடைக்கவே முடியாத பொருளாக மாற்றிவிட்டுப் பிடிபடுவதும் இதே புத்தகத்தின் முடிவில்தான். 12-இல், மந்திர சக்தி கொண்ட பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்துக்குள் அடி மேல் அடி வாங்கியும் பணியாமல் நிற்கிறாளே, அந்த எக்வீன் அங்கேதான் ஆரம்பிக்கிறாள்.

கடைசி மூன்று புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007 செப்டம்பரில் ஜோர்டன் இறந்தபின், அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து முடிக்க வைத்தார். 12-இல் ராண்டின் இன்னொரு நண்பன் மேட் பேசுவது மேட் மாதிரியே இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தது சரி. கிண்டல் தானாக வராமல் வரவழைத்தது போல இருக்கிறது. அதற்காக, முடிக்காமலே விட்டிருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் மனதைச் சங்கடப்படுத்தியது. நோயில் கிடந்தபோதும் மீதிக் கதையை வீட்டாரிடம் சொல்லிவைத்தவர் ஜோர்டன். கடைசிப் புத்தகத்தின் முடிவுரையில் பெரும்பகுதி அவரே எழுதிவைத்தது. கதை முடிய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

புதியவர்களுக்காகப் படிக்க வேண்டிய வரிசையை அடுத்த இதழில் தரப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 10-க்கு நேராக 'தவிர்க்கலாம்' என்று போடாதீர்கள். 'மெதுவாகப் போகும்' என்று போடுங்கள், அது உண்மை. முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' 2004-இல் வந்தது. அதை முதலில் வைக்காமல், வெளிவந்த வரிசைப்படி 10-க்கும் 11-க்கும் நடுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஈரோடு