குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். குப்பை, தண்ணீர், மின்சாரம் குறித்துச் சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானங்கள் இப்போது எந்த நிலையில் உள்ளன என்பதே இவ்வறிக்கை. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

குப்பை

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற அளவுக்குப் பெரும்பாலான வீடுகளில் பழகிவிட்டது. மூன்றாவது ரகத்தில்தான் இடறுகிறோம். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா ஆகியவற்றுக்கு வாட்ச்மேன் அறை ஓரம் தனிப் பெட்டி வைத்திருக்கிறோம். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் தரவும். பிரிப்பவரின் கை அதில் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பால் கவரின் மூலையைத் தனியே வெட்டி எறிய வேண்டாம். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே சாக்கடைக்குத்தான் போகும். கவரிலேயே ஒட்டியிருக்கும்படி கீறி ஊற்றி, அலசி, காய வைத்துக் கொடுங்கள்.

பூங்கா மூலையில் உள்ள உரத் தொட்டிகள் ஐப்பசியில் நாறியது உண்மை. புகார் சொன்னவர்கள் ஈரக் கழிவு அதிகமாகிவிட்டது என்றார்கள். ஈரக் கழிவு எப்போதும் போலத்தான் வந்தது. சருகுதான் தீர்ந்து போயிருந்தது. வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது கூட்டிக் குவித்துக் கொளுத்தினோம். மழைக்காலத்தில் இருமடங்கு சருகு தேவைப்பட்டபோது கையில் ஒரு மூட்டைகூட இல்லை. கடைசியில் காசு கொடுத்துத் தேங்காய் நார்க்கழிவு வாங்கிச் சமாளித்தோம். மாசியில் இலவசமாக விழுந்ததை எரித்துவிட்டு ஐப்பசியில் விலைக்கு வாங்கியதை என்னவென்று சொல்வது! இவ்வாண்டு சருகைச் சாக்கில் கட்டி, பம்ப் அறைக்குப் பின்னால் கூரையின் கீழ் அடுக்கியிருக்கிறோம். இனி வளாகத்தில் சருகு கொளுத்தக் கூடாது.

தொட்டி நிரப்பும் முறையை மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அடியில் அரையடி உயரத்துக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும் பரப்ப வேண்டும். காற்று நுழைய அதுதான் வழி. ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு, மேலே பழைய உரம் ஒரு கைப்பிடி அல்லது புளித்த மோர் ஒரு டம்ளர். வாரம் ஒருமுறை அடிவரை கிளற வேண்டும். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், அவ்வளவுதான் ஈரம். ஒழுகினால் சருகு போடவும். உதிர்ந்தால், எறும்பு ஏறினால், தண்ணீர் தெளிக்கவும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை என்று அர்த்தம். அடிவரை கிளற வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடைக்குச் சருகுதான் மருந்து. கொழுத்த வெளிர்ப் புழுக்களைக் கண்டு சிலர் அலறினார்கள். அவை கழிவைத் தின்று வேலையை விரைவாக்குபவை, கெடுதல் இல்லை. குழம்பு, எண்ணெய், மீன் முள் மட்டும் போட வேண்டாம், எலி வரும். கடைசியாக நிரப்பிய நாளிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்துவிடும். அதன் பிறகே சலிக்க வேண்டும்.

தண்ணீர்

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது 2003-இல். குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வடிகட்டித் தொட்டியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் விழும். மேல் மணலில் தூசியும் இலைத்துகளும் படிந்து பாளமாகிவிட்டால் அவ்வளவும் தெருவுக்குத்தான். மேல் நாலு விரல் மணலை வழித்தெடுத்து, அலசி, வெயிலில் உலர்த்தித் திரும்பப் போட்டாலே போதும். ஜல்லியைத் தொட வேண்டியதில்லை. முதல் மழையை ரீசார்ஜ் கிணற்றுக்கு (மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறு) விடாமல், மழைக்குழாயின் மூடியைத் திறந்து வெளியேற்றவும். குளியலறைத் தண்ணீரை ரீசார்ஜ் கிணற்றோடு இணைத்திருக்கும் வீட்டினர் உடனே பிரித்துவிட வேண்டும். இதில் சங்கம் விட்டுக்கொடுக்காது.

குழாய் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுவது தெரியாது. டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. ஆர்.ஓ. கழிவுநீரில் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் உப்பேறி இலை நுனி கருகும்.

மின்சாரம்

இதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாடிப்படி விளக்குகள் எல்.இ.டி.க்கு மாறின. மின்விசிறி மாற்றுவோர் கவனத்துக்கு: பழைய ரகம் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. (தூரிகை இல்லாத மோட்டார்) ரகம் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 27 யூனிட் குறையும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டண விகிதமே மாறுவதால், அந்த விளிம்பில் இருப்பவர்களுக்கு இது நல்ல சேமிப்பு.

புரட்டாசி முதல் ஞாயிறு மொட்டை மாடிகளைக் கூட்டி, வடிகட்டித் தொட்டிகளைத் திறக்கிறோம். மணல் அலச வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வாளியும் கரண்டியும் கொண்டு வரவும். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்