பெயர் மாறும் காய்ச்சல் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, மருந்துக் கடையில் 'பாராசிட்டமால்' வேண்டும் என்று கேட்டேன், கடைக்காரருக்கு விளங்கவில்லை. அதே மருந்து 'அசிட்டமினோஃபென்' என்ற பெயரில் என் கண்ணெதிரே அடுக்கப்பட்டிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நாம் 'பிரிஞ்சால்' என்னும் கத்தரிக்காய் பிரிட்டனில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. அமெரிக்கர் பலர் தரைத்தளத்தையே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பதால், புதிதாகச் செல்பவர் ஒரு மாடி கூடுதலாக ஏறி இறங்க நேரிடும். இவற்றால் வீணாவது சிறிது நேரம் மட்டுமே.

மருந்தில் அப்படியல்ல. இரு பெயரும் ஒரே மருந்தைக் குறிப்பவை என்று அறியாமல், ஊரிலிருந்து கொண்டுசென்ற மாத்திரையோடு, அங்கே வாங்கிய, அதே மருந்து கலந்த சளி மருந்தையும் சேர்த்து உட்கொண்டால், பெரியவர்களுக்கான நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு மீறப்பட்டுக் கல்லீரல் பழுதடையக்கூடும். ஆஸ்துமாவுக்கான 'சால்பியூட்டமால்' அங்கே 'ஆல்பியூட்டரால்' ஆகிவிடுகிறது. மூச்சுத் திணறும் வேளையில் பெயர் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

பிள்ளைகளைப் பார்க்க அயல்நாடு செல்லும் முதியோர் பெருகிவரும் இந்நாளில், இத்தகைய இணைப்பெயர்களைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிகாகோ