கறள் பிடித்த தையல் மெசினைக் காயலானுக்குப் போடாதீர்கள், பெயின்றும் அடிக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பழைய இரும்பு லொறியில், உடைந்த கட்டில் சட்டத்துக்கும் பற்றறிக்கும் நடுவே கறுப்புத் தையல் மெசின் ஒன்று கிடக்காத நாள் குறைவு. தலைப்பாகம் மட்டும் பத்துக் கிலோவை ஒட்டி வரும் வார்ப்பிரும்பு. அந்த நிறைக்குத்தான் காசு. “இறுகிப் போச்சு, சுத்தாது” என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் காரணம். அப்படி இறுகியவற்றில் பெரும்பாலானவை பழுதான மெசின்களே அல்ல. உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகி நிற்கிறது, அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத உங்கள் பத்திரிகையில் இடம் கேட்கிறோம்.

சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். யாழ்ப்பாணத்து வீடுகளில் மிஞ்சியிருக்கும் கைமெசின்களும் கால்மெசின்களும் அனேகமாக ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் செய்தவை. மாதிரி எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ அந்த ஊர்க் கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. மெசினின் அடித்தட்டில் வலப்பக்கம் தொடரிலக்கம் பொறித்திருக்கும். அது ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை எழுத்தென்றால் 1935 அல்லது அதற்குப் பிந்தியது. ‘எஃப்’, ‘வை’ என்ற ஒற்றை எழுத்தென்றால் அதற்கு முந்தியது. எந்த வகை என்பதை ஊசிக்குக் கீழே பார்த்தே சொல்லலாம். முன்னும் பின்னும் இரண்டு தகடுகள் நகர்ந்து, உள்ளே கீழ்நூலைக் கொண்டோடும் ஷட்டில் வள்ளம் போலக் கிடந்தால் 28கே இனம். ஊசிக்கு வலப்பக்கத் தகட்டை நகர்த்தியதும் கீழ்நூல் சுற்றிய பொபின் படுத்தபடி தெரிந்தால் 66கே அல்லது அதன் சின்னத் தங்கை 99கே. பொபின் இடப்பக்கத்திலிருந்து நிமிர்ந்தபடி உள்ளே போனால் 15கே. இதைத் தெரியாமல் சாமான் வாங்கப் போகக் கூடாது. 15கே பொபினின் இரண்டு முகமும் தட்டை, 66க்கும் 99க்கும் உரிய பொபினின் முகம் கொஞ்சம் புடைத்திருக்கும். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கடையில் மாறித் தந்துவிடுவார்கள். போட்டால் உள்ளே போகும், பத்துத் தையலில் நூல் சிக்கும். பிறகு பழி மெசினுக்கு.

இறுகியதற்கு வருவோம். மெசின் எண்ணெய் கிடைக்காத காலங்களில் சமையலறைப் போத்தலிலிருந்து விட்டவர்கள் ஏராளம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுக் காயும் சாதி. மாதக்கணக்கில் நின்றால் மஞ்சள் பிசினாகும், ஆண்டுக்கணக்கில் நின்றால் வார்னிஷ் ஆகும். தேங்காயெண்ணெய் அப்படிக் காயாது, ஆனால் ஊசிப்போய்த் தூசியோடு சேர்ந்து மெழுகு போலப் படியும். இரண்டுக்கும் மருந்து மண்ணெண்ணெய்தான்.

முதலில் சில்லைத் திருப்பிப் பலம் பார்க்காதீர்கள். குழாய் போட்டு நெம்பினால் வார்ப்பிரும்பு வெடிக்கும், அதற்குப் பிறகு வைத்தியமில்லை. ஊசியையும் பாதத்தையும் ஊசித்தகட்டையும் இடப்பக்க முகத்தகட்டையும் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டைத் தட்டில் போடுங்கள். இந்தத் திருகாணிகளின் புரி சிங்கரின் சொந்தப் புரி, இரும்புக்கடை ஆணி பொருந்தாது. ஒன்று தொலைந்தால் இன்னொரு பழைய மெசினில்தான் தேட வேண்டும். ஸ்குரூ டிரைவரின் நுனி, வெட்டின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் இறுகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அரத்தால் ராவிப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒல்லி நுனியைப் போட்டுத் திருகித் தலை சிதைந்த ஆணிகளைப் பார்த்தாலே அந்த மெசினை யார் கையில் எடுத்தார்கள் என்று விளங்கிவிடும். அசையாத ஆணிக்கு ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மண்ணெண்ணெயைத் துடைத்து உலர்த்திய பின், சூடான ஈயம்பற்றும் கோலின் நுனியை ஆணித் தலையில் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் அனேகமாகக் கழரும்.

எண்ணெய்த் துவாரங்கள் எல்லாவற்றிலும், இரும்போடு இரும்பு உரசும் எல்லா இடத்திலும் மருந்தூசிக் குழாயால் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய். சில்லை நூலளவு முன்னே, நூலளவு பின்னே அசைத்துவிட்டு மூடி வையுங்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாலாம் நாளில் அசைவு அரை அங்குலமாகும், பிறகு ஒரு நேரத்தில் சடாரென்று முழுச் சுற்றும் வந்துவிடும். ஒரு கிழமையாகியும் அசையாவிட்டால் எண்ணெயை விட்டுவிட்டு நூலைத் தேடுங்கள். சில்லுக்கும், மெசினின் மேலே குறுக்காக நீளும் கைப்பாகத்துக்கும் இடையில் பழைய நூல் சுற்றி இறுகியிருக்கும், அல்லது ஷட்டிலுக்குப் பின்னால் ஒரு முறிந்த ஊசி நுனி. துணியை நகர்த்தும் பல்லுக்குக் கீழே தும்பு அமுங்கிக் கம்பளி வட்டு மாதிரி இருக்கும். அதைக் கம்பனி போட்ட பாகமென்று நினைத்துத் திரும்ப வைப்பவர்களும் உண்டு. 66, 99 இனங்களில் பொபினுக்குக் கீழே உண்மையாகவே சின்னச் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது எண்ணெய் பிடித்து வைப்பதற்கு, அதை மட்டும் எறிய வேண்டாம்.

சுற்றத் தொடங்கிய பின் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு நூறு சுற்றுச் சுற்றுங்கள். கறுப்பாக வடிவதைப் பழஞ்சீலையால் துடைத்து, நிறமில்லாமல் வடியும்வரை தொடருங்கள். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டுவதற்கல்ல. அது காய்ந்ததும் தெளிவான மெசின் எண்ணெய் துவாரத்துக்கு ஒரு துளி. ஒன்றுதான். அதிகம் விட்டால் அதிகம் ஓடாது, தைக்கும் சீலையில் வடியும். சில்லின் மேற்பக்கம் எப்போதும் உங்களை நோக்கி வர வேண்டும். கைமெசினில் பல்சில்லு திசையை மாற்றுவதால் கைபிடி உங்களிடமிருந்து விலகிச் சுற்றும். கைபிடியிலிருந்து சில்லின் ஆரைகளுக்குள் நுழையும் விரலில் தோல் துண்டு வைத்திருப்பார்கள். கடகடவென்று சத்தம் வந்தால் அந்தத் தோல் உக்கிப் போயிருக்கும். செருப்புத் தைப்பவரிடம் ஒரு வெட்டுத் துண்டு வாங்கி அளவுக்குச் செதுக்கிப் போட்டால் போதும்.

சில்லின் நடுக்குமிழைக் கழற்றினால் உள்ளே மூன்று காதுள்ள வளையம் ஒன்று வரும். திரும்பப் பூட்டியபின் குமிழ் இறுகாமலோ தளராமலோ நின்றால் புரி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள், சரியாகும்.

வெளித்தோற்றத்தில்தான் கூடிய நாசம் நடக்கிறது. இந்தக் கறுப்பு, தூரிகையால் பூசிய பெயின்ற் அல்ல. நிலக்கீல் கலந்த வார்னிஷ் பூச்சைச் சூளையில் சுட்டு ஏற்றியது. அதன்மேல் தங்க நிறப் பூவேலை ஒட்டுப்படமாக ஒட்டி, அதற்கும் மேல் ஷெலாக் என்ற அரக்கு மெருகை மெல்லிதாகப் பூசியிருக்கும். ஷெலாக்கைக் கரைப்பது ஸ்பிரிற். ஆகவே ஸ்பிரிற் பஞ்சை மெசினின் மேல் வைத்த இடத்தில் தங்கப்பூ பஞ்சோடு வந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டாலும் அந்தப் பூச்சு வெளுக்கும். சாம்பலும் செங்கட்டித் தூளும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு அவை அரம். மென்மையான சீலையில் மெசின் எண்ணெயைத் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். பழுப்பு அழுக்கு சீலையில் ஏறும், தங்க நிறம் ஏறத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. அங்கங்கே தேய்ந்த பூவும் விளிம்பில் தெரியும் இரும்பும் அப்படியே இருக்கட்டும். மோட்டார்க் கடைக் கறுப்பை ஸ்பிறே பண்ணி ‘புதுசாக்கிய’ மெசின் பத்தடி தூரத்தில் மினுங்கும். கிட்டப் போனால் எண்ணெய்த் துவாரம் எல்லாம் அடைபட்டிருக்கும், தொடரிலக்கமும் மூடுண்டிருக்கும். கால்மெசினின் இரும்புக் கால்களுக்கு வேண்டுமானால் கம்பித் தூரிகை போட்டு, றெட் ஒக்சைட் பூசி, மேலே கறுப்பு அடியுங்கள். அதில் மறுப்பில்லை.

கறளைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. 1995 இடப்பெயர்வுக்குப் பின் கூரையில்லாத வீடுகளில் நின்ற மெசின்களும், கடற்கரைப் பக்க வீட்டு மெசின்களும் சாதாரணமாகக் கறள் பிடித்தவையல்ல. குழி விழுந்திருக்கும், குழிக்குள் உப்பு நிற்கும். மேலே சுரண்டினால் அடுத்த மாரிக்கே திரும்பக் கறள் வரும். கழற்றக்கூடிய முலாமில்லாத உருக்குப் பாகங்களை மட்டும் வினாகிரியில் சில மணி நேரம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, பிறகு கொதிநீரில் இரண்டு தரம் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் வெள்ளையாகப் படியும், கரையோரக் கிணறென்றால் எடுத்த உப்பைத் திரும்பக் கொடுக்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. சூடு ஆறுமுன் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், பத்து நிமிடம் தாமதித்தால் மஞ்சள் பூத்துவிடும். நிக்கல் முலாம் போட்ட தகடுகளை வினாகிரியில் போடாதீர்கள், புளியும் தேய்க்காதீர்கள். எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சு போதும். அதையும் அழுத்தித் தேய்த்தால் முலாம் கிழிந்து கீழிருக்கும் இரும்பு தெரியும்.

மரப்பெட்டி தனி வேலை. திறப்பு தொலைந்திருந்தால் உடைக்க வேண்டாம், சின்னத் தட்டை ஸ்குரூ டிரைவரால் அனேகம் பூட்டுகள் திறபடும். கறையான் தின்ற பலகையை ஒன்றும் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மேல்தாள் பலகை கொப்பளித்திருந்தால் அது வச்சிரப் பசை விட்டுப்போனதால். ஈரச் சீலையை மேலே போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தால் வச்சிரம் இளகும், உடனே பாரம் ஏற்றி ஒரு இரவு விட்டால் ஒட்டிக்கொள்ளும். பழைய மெருகு எது என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிற் பஞ்சை வையுங்கள். ஒட்டிப் பிசுபிசுத்தால் ஷெலாக். அப்படியென்றால் சுரண்டவே தேவையில்லை, புதியது பழையதோடு கரைந்து சேரும். 100 மில்லிலீற்றர் ஸ்பிரிற்றுக்கு 20 முதல் 25 கிராம் ஷெலாக் செதிலைப் போத்தலில் போட்டு, இடையிடையே குலுக்கி ஒரு இரவு வைத்து, மெல்லிய சீலையில் வடிகட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கரைசல் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். பஞ்சை வெள்ளைப் பருத்திச் சீலையில் பொட்டலமாகக் கட்டி, கரைசல் தோய்த்துப் பிழிந்து, ஒரே திசையில் நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் பொட்டலம் ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் செய்தால் மெருகு பால் போல வெளுக்கும். ஸ்பிரிற் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும்போது செய்தால் முற்றத்து மண் முழுவதும் அதில்தான். பங்குனி மாதத்துக் காலை வேளை தோதானது.

தைத்துப் பார்க்கும்போது மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல், இரட்டை மடித்த பருத்திச் சீலை. சீலையின் அடியில் சிவப்பு வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் பொபினைத்தான் திருகுவார்கள். குற்றம் மேலே. பாதத்தைக் கீழே விட்டபடி நூல் கோத்திருப்பீர்கள். அப்போது இறுக்கும் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் இடையில் போகாமல் மேலே தவழும். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைத் திரும்பக் கோத்துப் பாருங்கள். அதன் பிறகும் சரிவராவிட்டால் மடித்த கடதாசி ஒன்றைத் தட்டுகளுக்கிடையில் இழுங்கள், பழைய தும்பு வரும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி திரும்பியிருக்கிறது. ஊசியின் நீளப் பள்ளம், நூல் கடைசியாக இறங்கிவரும் பக்கம் பார்க்க வேண்டும். 15கேயில் வலமிருந்து இடமாகக் கோப்பது. ஊசி இன்றைக்கும் எல்லாத் தையற்கடையிலும் கிடைக்கும் 15×1தான். ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ஆணியை மட்டும் தொடாதீர்கள், உயரம் ஒரு மயிரளவு மாறினாலும் ஷட்டில் நூலைப் பிடிக்காது.

பழைய சிங்கருக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறதென்று 2009இல் சவூதியில் கிளம்பிய புரளி இன்னும் அங்கங்கே உலாவுகிறது. இரும்பும் எண்ணெயும் தும்பும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. பெருந்தொகை தருகிறோம் என்று வருபவர்களிடம் முற்பணம் கிற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கைப்பாகம் வெடித்த மெசினைக் காப்பாற்ற முடியாது, அதை லொறிக்குக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்குமுன் நகரும் தகடுகள், ஷட்டில், நீள பொபின், பொபின் கூடு, திருகாணிகள் ஆகியவற்றைக் கழற்றி எண்ணெய் தடவி ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். 28கேயின் வள்ள ஷட்டில் இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. அது இல்லாததாலேயே நல்ல மெசின்கள் சும்மா நிற்கின்றன.

இப்படிக்கு,
பழைய தையல் மெசின் திருத்துவோர் இருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.