குழு உறுப்பினர்களுக்கு: நேற்று வந்த குரல் பதிவு பற்றி

வணக்கம். நேற்றிரவு நம் குழுவில் ஒரு ஹிப்னாஸிஸ் (அறிதுயில்) சிகிச்சை அமர்வின் குரல் பதிவு வந்தது. காலையில் பார்த்ததும் நீக்கிவிட்டேன். போட்டவர் நல்லெண்ணத்தில்தான் போட்டார். அவரிடம் தனியாகப் பேசியாயிற்று. 40 விநாடிதான். சிகிச்சைக்கு வந்த அம்மா அழுதுகொண்டே மகன் பெயரைச் சொல்கிறார், பின்னால் கோயில் மணி கேட்கிறது. நம் டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆளை அடையாளம் காண இதற்கு மேல் என்ன வேண்டும்? போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மை நம்பித்தான் அவர் கண்ணை மூடினார். யார் போனிலாவது அந்தப் பதிவு இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

அப்புறம், அதில் "சின்ன வயதில் உங்களை அடித்தது யார்?" என்று ஒரு கேள்வி வருகிறது. அடி வாங்கியதாக அவர் சொல்லவே இல்லை. ஹிப்னாஸிஸ் நிலையில் இப்படிக் கேட்டால் கேள்வியே பதிலை ஊட்டிவிடும். நடக்காதது நடந்ததாக மனதில் பதிந்துவிடும். அப்படி மீட்கும் நினைவுகள் சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே எச்சரித்தது. "என்ன நினைவுக்கு வருகிறது?" என்று கேளுங்கள், போதும்.

தற்கொலை எண்ணம் என்று யாராவது சொன்னால், அவரைத் தனியே விடாமல், பதிவு பெற்ற உளவியலாளரிடமோ மருத்துவமனைக்கோ உடனே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். சான்றிதழ் வகுப்பு முடித்ததற்காகப் பெயருக்கு முன் டாக்டர் போட வேண்டாம்.

சனிக்கிழமை சந்திப்பில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதப் போகிறோம். உங்களிடம் உள்ள படிவத்தில் ஒரு பிரதி கொண்டுவாருங்கள்.