நடைதூரத்தையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு,

மலைக்கிராமத்திலிருந்து நிறைமாத கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். சாலை இல்லாததுதான் காரணம் என்கிறார்கள். சரி, சாலை வேண்டும்தான். ஆனால் கோளாறு கணக்கிலும் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. துணை சுகாதார நிலையத்துக்கு இது 5,000, 3,000. கேட்கச் சலுகை மாதிரி இருக்கும். காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஊர்களில் 3,000 பேரைச் சேர்க்க எத்தனை மேடு ஏறி இறங்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை.

ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருந்தபோது பார்த்திருக்கிறேன்: தார்ச்சாலை முடியும் இடத்தில் 108 நின்றுவிடும். அதற்கு மேல் மூங்கில் கழியும் போர்வையும்தான் வண்டி. தூக்க நாலு ஆள் கிடைக்காத வீட்டில், காய்ச்சல்காரர் சந்தை நாள் வரை காத்திருப்பார். ஆகவே தலைக்கணக்கோடு நடை நேரத்தையும் அளவுகோலாக்க வேண்டும். ஒரு மணி நேர நடைக்குள் செவிலியர் இல்லாத ஊர்களைப் பட்டியலிட்டு, அங்கே துணை நிலையமும், செவிலியர் குடும்பத்தோடு தங்கக்கூடிய குடியிருப்பும் முதலில் அமையட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்