ஷேடோ நடக்கும் விதம்

தம்பிக்கு,

சாப்பிட்டாயா? நேற்றும் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேலை அதிகம் என்று தெரியும், அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

மருமகள் அனுப்பினாளே, கலிபோர்னியாவில் பிக் பேர் ஏரிப் பக்கம் வெண்தலைக் கழுகுக் கூட்டுக் கேமரா, அதைத்தான் இப்போது டிவியில் போட்டு வைத்திருக்கிறோம். சீரியல்கூட அப்புறம்தான். பைன் மரத்தில் 145 அடி உயரத்தில் கூடு. பெண் ஜாக்கி, ஆண் ஷேடோ. 2023-இலும் 2024-இலும் இட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லையாம். இந்த 2025 ஜனவரியில் இட்ட மூன்றும் பொரிந்துவிட்டன. முதல் குஞ்சு வந்தபோது அங்கே மார்ச் 3, நள்ளிரவு நெருங்கும் நேரம். இங்கே மறுநாள் மதியம். அம்மா சாதத்தில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள், ரசம் ஆறிப்போனது.

முதலில் ஓட்டில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான். குஞ்சின் அலகு நுனியில் கெட்டியாக ஒரு சின்ன முனை இருக்கிறது, அதால் குத்தும், களைத்துக் கிடக்கும், மறுபடி குத்தும். அது வெளியே வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகுமாம். உடைத்துவிட யாரும் வருவதில்லை, ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடுவதுமில்லை.

நான் ஷேடோவைத்தான் அதிகம் பார்க்கிறேன். மீனைக் கிழிக்கிற நகம் அதற்கு, முட்டைப் பக்கம் வரும்போது அந்த நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, மூடிய கையை ஊன்றி நடப்பது போலத் தத்தித் தத்தி வருகிறது. ஜாக்கி எழுந்து போனால் உடனே இது உட்காரும். அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாலும் சில நேரம் எழுந்திருக்க மனசே வருவதில்லை.

போன வாரம் பனிப்புயலில் ஒரு குஞ்சு போய்விட்டது. பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, இரண்டும் கூடவேதான் இருந்தன. அம்மா இரண்டு நாள் டிவி பக்கமே வரவில்லை.

வளைகாப்பு போட்டோ பார்த்தோம். மருமகள் கை நிறைய வளையலோடு மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள். அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். ஹூஸ்டனிலிருந்து அன்று வர முடியவில்லையா என்று நான் கேட்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு பெரிய பொறுப்பை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனாலும் ஏழாம் மாதம் ஆகிவிட்டது, அவள் அங்கே தனியாக இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் விழிக்காதே.

நீ பிறந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன், கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அம்மா இன்றைக்கும் அதையே நம்புகிறாள். நான் லீவு கேட்கவே இல்லை, தம்பி. அந்த மூன்று மாதம் ஓவர்டைம் இருந்தது, மாடி எழுப்பப் பணம் வேண்டியிருந்தது, குழந்தை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். நீ அழுத சத்தத்தை அம்மா கேசட்டில் பதிந்து அனுப்பினாள். கேம்ப்பில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் வந்தபோது உனக்கு ஒன்றரை வயது. தூக்கினேன், வீறிட்டு அழுதாய், எனக்குக் கோபம் வந்து உன்னைக் கீழே இறக்கி விட்டேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த மாடியில் இப்போது யாரும் இல்லை. துணி காயப் போடுகிறோம்.

அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்லிவிடுகிறேன். மே மாதத்துக்கு லீவு கேட்டாயா? கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி போடு. முதலில் மருமகளுக்குப் போன் பண்ணு.

அப்பா