பூனையைத் துரத்திவிடாதே

பாலக்கோடு
ஐப்பசி கடைசி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் மழை, கொட்டகை ஒழுகுகிறது என்று ஓட வேண்டும். மழை விட்டால் மாடு கத்தும். இன்றைக்குத்தான் கை ஒழிந்தது.

பூனையின் காதோரம் எட்டணா அளவுக்கு முடி கொட்டி வட்டமாகிவிட்டது, பேத்தியின் கையிலும் அதே மாதிரி ஒன்று, மருமகள் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. ஏன் என்று சொல்வதற்கு என் மானம் போன கதையை முதலில் சொல்ல வேண்டும்.

ஆவணியில் காரிமங்கலம் சந்தையில் ஒரு கிடாரிக்கன்று வாங்கினோம். நாலு மாதக் கன்று. இடது கண்ணைச் சுற்றிச் சாம்பலைக் குழைத்து அப்பியது போல் ஒரு படை. "மாடு முட்டின தழும்பும்மா" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன். இருபத்தாறு வருடம் கால்நடை ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்தவள் நான்! கன்று அவ்வளவு லட்சணமாக இருந்தது, என்ன செய்ய. கொண்டுவந்து நம் கன்றுக்குப் பக்கத்திலேயே கட்டினேன். ஒரு மாதத்தில் அதன் கழுத்திலும் இரண்டு வட்டம். அப்புறம் என் மணிக்கட்டில் ஒன்று.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா 'பூச்சி அரிச்சிருக்கு' என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளைக்காரனே இதற்கு 'ரிங்வார்ம்', அதாவது வளையப் புழு என்றுதான் பெயர் வைத்தான். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, பூஞ்சை. உன் ரோஜாச் செடியில் மாவு தூவியது போல் படரும் சாம்பல் நோய் இருக்கிறதே, அதுவும் பூஞ்சை. ஆனால் அது இலையைத் தின்னும், இது முடியைத் தின்னும். முடி, நகம், தோலின் மேல் செதில் எல்லாவற்றிலும் கெரட்டின் என்ற புரதம் உண்டு. அதைக் கரைத்துச் சாப்பிடத் தெரிந்த உயிர்கள் சொற்பம், இந்தப் பூஞ்சை அதிலொன்று. உயிருள்ள சதைக்குள் போக உடம்பு விடாது, அதனால் செத்த மேல்தோலோடு நின்றுவிடும்.

வட்டமாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. கரட்டில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் நடுவில் அணைந்து விளிம்பில் எரிந்துகொண்டே போகுமே, அதே கதைதான். நடுவில் உடம்பு அதை அடக்கிவிடும், ஓரத்தில் அது புதுத் தோலைத் தேடிப் போகும். அதனால் சோதனைக்கு எடுக்கும்போது ஓரத்தில்தான் சுரண்ட வேண்டும். நடுவில் சுரண்டி அனுப்பி 'ஒன்றுமில்லை' என்று முடிவு வாங்கிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கன்றின் ஓரத்து முடி நாலைப் பிடுங்கிக்கொண்டு பழைய ஆபீசுக்கே போனேன். ஸ்லைடில் முடியை வைத்துப் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கால்மணி நேரம் பொறுத்தால் செதிலெல்லாம் கரைந்து முடி கண்ணாடியாகிவிடும். பார்த்தேன். முடியைச் சுற்றிப் பாசிமணி கோத்த மாதிரி வரிசை வரிசையாக வித்துகள். ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம், மாட்டுக்கு வரும் படைப் பூஞ்சை. எத்தனையோ தடவை பார்த்ததுதான், இருந்தாலும் சொந்தக் கன்றின் முடியில் பார்க்கும்போது வயிற்றில் புளியைக் கரைத்தது.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். என் கைக்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு போச்சு, மூன்றாம் வாரம் முழங்கை வரை வந்துவிட்டது. டியூபைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், கூடவே தோலின் எதிர்ப்பையும் அமுக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பேத்திக்கு அப்படி எதையும் தடவிவிடாதே. தோல் டாக்டரிடம் காட்டு.

உன் பூனைக்கு வந்திருப்பது அநேகமாக மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற இன்னொரு பூஞ்சை. கேனிஸ் என்றால் நாய், ஆனால் அதற்குப் பிடித்த வீடு பூனைதான். ஓசூரில் கால்நடை டாக்டர் இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார். முடி பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னினால் அதுதான். மின்னாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை, சில நேரம் மின்னாது. மாட்டுக்கு வருவது மின்னவே மின்னாது. இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் எடைக்குத் தக்கபடி, அவர் சொன்ன நாள் வரை கொடு. முடி முளைத்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தாதே. மனிதருக்கான க்ரீம் எதையும் பூனைக்குத் தடவாதே, நக்கிவிடும்.

மருமகள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, பூனையிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கலாம். ஆனால் பூனையை இப்போது விட்டுவிட்டாலும் அதன் முடி உன் சோபாவிலும் ஜன்னல் திட்டிலும் இருக்கும். அந்த முடியில் உள்ள வித்து ஒன்றரை வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். அதனால் பூனை படுக்கும் துணியைத் தனியாகத் துவைத்து வெயிலில் போடு, பழைய துண்டு என்றால் எரித்தே விடு. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடை.

இங்கேயும் வைத்தியம் கன்றுக்கு மட்டுமில்லை. கட்டுத்தறியைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன், பழைய கயிறுகளை எரித்தேன். இரண்டு கன்றையும் வெயிலில் கட்டினேன். படைமேல் டிங்சர் அயோடின் தடவினேன். மாமியார் தினமும் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார். இப்போது முடி முளைக்கிறது. எங்கள் அகத்தியால்தான் என்கிறார் அவர். கன்றுகளுக்கு இரண்டு, மூன்று மாதத்தில் தானாகவே ஆறிவிடும் என்பதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

தை பிறந்ததும் ஓசூர் வருகிறேன். அதற்குள் பூனையைக் காட்டிவிட்டு எழுது. இதையெல்லாம் நான் சொன்னேன் என்று மருமகளிடம் சொல்லிவைக்காதே, போன தடவை அவள் காபியைப் பற்றி நான் சொன்னதே இன்னும் ஆறியிருக்காது.

அன்புடன்,
சரஸ்வதி